பெயர் போடாத பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் உடைந்த பிளாஸ்டிக் முகப்பைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்தபடி அவள் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள் என்றுதான் கடைக்காரர் முதலில் நினைத்தார்.

அவர் கை காட்டிய மூலையில் பெட்டிகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. எல்லாமே ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து பழுத்துப்போனவை. எதிலும் கம்பெனி பெயர் இல்லை. பெயர் ஒட்ட வேண்டிய சின்னச் சதுரக் குழி மட்டும் காலியாக இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் ஃப்ரேம்களைக்கூடப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் இங்கே செல்லுபடியாகவில்லை.

தகர உடம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முகம்தான் வேறு வேறு. சிலவற்றில் பொத்தான் வட்டம். அவளுக்கு வேண்டியது நீள்வட்டம். நீள்வட்டம் கிடைத்தால் கீழே காற்றுத் துளைகள் நேராக ஓடின. அவளிடம் இருந்ததில் சாய்வு.

ஒவ்வொன்றாக இழுத்தாள், துண்டைப் பிரித்து ஒப்பிட்டாள், மறுபடி மூடினாள். தகர விளிம்பு விரலைக் கீறியதுகூடத் தெரியவில்லை.

காலையில் மேசையை நகர்த்தித் துடைத்ததுதான் அவள் செய்த குற்றம். பெட்டி சரிந்து முகம் குப்புற விழுந்தது. உள்ளே இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்விட்ச் போட்டதும் ஓடியது. முகப்பு மட்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கணவரின் முதல் மனைவியுடையது. அந்த அம்மாள் இறந்துபோன பிறகு வீட்டிலிருந்து எத்தனையோ சாமான்கள் கைமாறின. இது மட்டும் அசையவில்லை. மகள் இன்றும் இதன் முன்னால்தான் உட்கார்ந்து படிக்கிறாள்.

தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் பயம்.

முகம் பார்த்துப் பேசாமலிருந்த பெண், இப்போதுதான் ‘சித்தி’ என்று வாய் திறந்து கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அடுக்கின் அடியில் ஒன்று அகப்பட்டது. நீள்வட்டம் சரி. சாய்வு சரி. மஞ்சள்கூட ஏறக்குறைய அதே மஞ்சள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்த கையோடு தரையில் உட்கார்ந்து, வாங்கி வந்த முகப்பைப் பழைய பெட்டியில் பொருத்தினாள். ஒரு பக்கக் கொக்கி மாட்டினால் மறுபக்கம் கழன்றது. தட்டிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அது மசியவில்லை.

கதவு திறந்தது அவள் காதில் விழவில்லை.

நிமிர்ந்தபோது மகள் தோளில் மாட்டிய பையோடு நின்றுகொண்டிருந்தாள். துண்டின்மேல் பிளந்து கிடந்ததையும் பார்த்தாள், சித்தியின் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள் அவள்.

அதற்குள் மகள் பையை இறக்கி வைத்தாள். எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த முகப்பை வாங்கித் திருப்பி, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“கீழ்க்கொக்கியத்தான் முதல்ல மாட்டணும், சித்தி. போன தடவை மேலேருந்து ஆரம்பிச்சு நான் ஒண்ண உடைச்சிட்டேன்.”

“போன தடவையா?”

பெண் தலை நிமிரவில்லை.

“அம்மாவோடத நான்தான் எப்பவோ உடைச்சேன். இன்னைக்கு உடைஞ்சது, நான் தேடி அலைஞ்சு வாங்கி மாட்டினது. அப்பாவுக்குத் தெரியாது.” கீழ்க்கொக்கியை மாட்டினாள். “அந்தப் பக்கம் பிடிங்களேன்.”

அவள் பிடித்துக்கொண்டாள்.