முதல் சுற்று

ஆடி மாதத்தின் முதல் வாரம், காலை பத்து மணி. மொட்டைமாடியில் இரண்டு சிறிய காற்றாலைகள் சோதனைக்கு நின்றன. ஒன்று, செங்குத்துத் தண்டைச் சுற்றி மூன்று மெல்லிய இறகுகள் கொண்ட ஒல்லி. மற்றொன்று, பீப்பாயை இரண்டாகப் பிளந்து செய்த குண்டு. நண்பகலுக்குள் தன் விளக்கை நன்றாக எரிய வைக்காத ஆலை பிரிக்கப்பட்டுவிடும்.

"குண்டக்கா, பட்டறையில் நான் நிமிடத்துக்கு முந்நூறு சுற்று! நீங்கள்?"

"அறுபது, தம்பி."

"அடடா! மாலைக்குள் உங்களுக்குள் கீரை விதைத்துவிடுவார்கள்!"

காற்று வீசியது. குண்டு முனகியபடி சுழன்றது. அதன் விளக்கு மங்கலாக மினுக்கியது. ஒல்லி அசையவே இல்லை.

"பட்டறைக் காற்று இப்படி இல்லையே!"

"காற்று அதேதான். அங்கே பொறியாளர் மங்கையர்க்கரசி ஒவ்வொரு முறையும் உன்னை விரலால் ஒரு தள்ளு தள்ளினார்."

"பொய்! நானாகத்தான் சுழன்றேன்!"

பதினொன்றரை மணிக்கு மங்கையர்க்கரசி ஸ்பேனருடன் மாடிப்படி ஏறி வந்தார்.

"அக்கா, அந்த விரலைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்!"

அவர் ஒல்லியைக் கழற்றினார். ஆனால் பிரிக்கவில்லை, குண்டின் தண்டிலேயே, அதற்கு மேலே பொருத்தினார். அடுத்த காற்றில் குண்டு மெல்லத் திரும்பியது, ஒல்லியையும் திருப்பியது. மறுகணம் ஒல்லி விர்ரென்று வேகம் பிடித்தது. விளக்கு பளீரென்று எரிந்தது!

"அக்கா, பறக்கிறோம்!"

"கத்தாதே, சுழல்!"

குண்டு தந்த அந்தத் தள்ளுக்கு உரிய நன்றியை ஒல்லி ஆவணி முதல் நாள் செலுத்தியது: ஒரே ஒரு முறை, மிகத் தாழ்ந்த குரலில், காகங்கள் எவையும் அருகில் இல்லாத வேளையில்.