பிப்ரவரியில் தென்மேற்குக் காற்று

கரையில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. கடலோ சிற்றலைகூட இல்லாமல் கிடந்தது.

டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும் வழியில் நான் அதைக் கண்டேன். விடியலிலேயே கடலுக்குப் போயிருக்க வேண்டிய ஒன்பது படகுகளும் மணலில் ஏறிக் கிடந்தன.

1966ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். போர்ட் பிளேரில் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் என் பொறுப்பில் இருந்தார்கள். காற்றின் திசைகளைப் புத்தகம் பார்த்து ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே டால்டா டப்பாவில் மழைமானியும், பிஸ்கட் டின் மூடியில் காற்றுத் திசைகாட்டியும் அவர்களையே செய்யவைத்தேன்.

கற்றது ஊருக்கும் உதவ வேண்டும் அல்லவா? வாரம் ஒருவர் முறை. விடியற்காலையில் காற்றைப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, மீனவர் கரையில் கொடி ஏற்ற வேண்டும். வெள்ளை என்றால் கடலுக்குப் போகலாம். சிவப்பு என்றால் கூடாது. சிவப்பு ஏறினால் ஒருவரும் படகை இறக்குவதில்லை என்று மீனவர்கள் பாதிரியார் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட அதை 'மௌசம் கொடி', அதாவது வானிலைக் கொடி, என்று அறிந்திருந்தார்கள். கல்வி அதிகாரி வந்து பார்த்து, இரண்டு வரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்த இரண்டு வரியில் எனக்குக் கர்வம் உண்டு.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: 'கண்டதை மட்டும் எழுதுக.'

அந்த வாரம் ஆரோக்கியசெல்வியின் முறை. மீனவர் செபஸ்தியானின் மகள். குறிப்பேட்டைத் திறந்தேன். 'காற்று: பலத்த தென்மேற்கு' என்று எழுதியிருந்தாள்.

"டீச்சர், தென்மேற்கு ஜூன் மாசந்தானே வரும்?" என்றான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த ஜம்புலிங்கம். "மெயின்லேண்டுக் கப்பல்தான் தேதி மாறி வரும். காத்துமா?"

வகுப்பு சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. பொய்யாகத்தான் எழுதினேன் என்று உடனே ஒப்புக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, தப்புதான் டீச்சர் என்று மட்டும் திரும்பச் சொன்னாள்.

நாளை முதல் கொடி ஜம்புலிங்கத்திடம் என்றேன். மாலையில் கரைக்கு வந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். மன்னிப்புக்கு அவள் தயங்கவில்லை. கொடிக்குத்தான் கலங்கினாள்.

"இந்த வாரம் மட்டும் என்கிட்டயே விடுங்க டீச்சர்."

"பொய் எழுதிய கையில் கொடியைக் கொடுப்பதற்கில்லை."

மாலையில் கரையில், மீனவர்களில் மூத்தவரான லூர்துநாதன் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவருக்குமுன் செல்வியை நிறுத்தினேன். காலையில் காற்றே இல்லை, தெரிந்தேதான் சிவப்பை ஏற்றினேன் என்று அவள் தலைகுனிந்து சொன்னாள். காரணத்தையும் சொல் என்றேன்.



"அப்பாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். நேத்து படகுலயே மயங்கிட்டாரு. இன்னிக்கும் எல்லாரும் போனா அவரும் போயிருவாரு. அம்மா சொல்லியும் கேக்கல, டீச்சர்."

காரணம் இருப்பதால் பொய் உண்மையாகிவிடாது என்று அவளுக்கு விளக்கினேன். ஒன்பது குடும்பங்களின் ஒரு நாள் உழைப்பு வீணானதை எடுத்துச் சொன்னேன். பிறகு லூர்துநாதனிடம் திரும்பினேன். பள்ளிக்கூடத்தை நம்பி நீங்கள் ஏமாந்ததற்கு நானும் பொறுப்பு என்றேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு ஏமாந்தா, டீச்சரம்மா? நாப்பது வருசமாக் கடல்ல கெடக்கேன். இந்த மாசத்துல தென்மேற்கு அடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிந்துமா கரையில் இருந்தீர்கள்?"

"செபஸ்தியானை நாங்க படுடான்னா படுக்க மாட்டான். மக ஏத்துன கொடியை மட்டும் மீற மாட்டான். அதைச் சொல்லிச் சொல்லியே எங்க காதைப் புளிக்க வச்சவன். காய்ச்சல்ல அவன் வானத்தைப் பாக்கல, கொடியத்தான் பாத்தான். நாங்களும் கொடியப் பாத்தோம், பேசாமப் படகை மேல ஏத்திட்டோம்."

ஊசியை வலையில் குத்தி நிறுத்திவிட்டு, முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு நாள் படுத்தான்னா எந்திரிச்சிருவான். நாளைக்கும் புள்ள முறைதானேன்னு இருந்தோம். நீங்க மாத்திட்டீங்களாமே."

நான் மேடேறினேன்.

மறுநாள் கொடி ஏற்றியவள் செல்விதான்.

மழைமானி துருப்பிடித்துப் போயிற்று. திசைகாட்டி ஏதோ ஒரு புயலில் பறந்துவிட்டது. குறிப்பேடு மட்டும் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'கண்டதை மட்டும் எழுதுக.' பன்னிரண்டாம் பக்கத்தில், பிப்ரவரி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் பலத்த தென்மேற்குக் காற்று வீசியதாகப் பதிவு.

முதல் நாள் பதிவு ஆரோக்கியசெல்வியின் கையெழுத்து. இரண்டாம் நாள் பதிவு என்னுடையது.