மாத்திப் போட்ட பேரு

தேரோட்டக் கூட்டத்தில் கணவர் தசரதனைத் தொலைத்துவிட்ட பூங்காவனம், அறிவிப்புப் பந்தலுக்கு நேராக வந்து நின்றார். தசரதனுக்குக் கொஞ்ச நாளாக வழியெல்லாம் மறந்துபோகிறது.

"அவரு பேரு சொல்லுங்கம்மா," என்றாள் மைக் வைத்திருந்த யமுனா.

"சதரதன்."

"தசரதனா?"

"அதேதான். கட்டிக்கிட்டவர் பேரை நேராச் சொல்லக் கூடாதுன்னு எங்க அத்தை சொல்லிருச்சு. அன்னையிலேர்ந்து எழுத்தை மாத்திப் போட்டுத்தான் கூப்பிடுறேன்."

யமுனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தசரதன் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும் என்று திரும்பத் திரும்ப அறிவித்தாள். யாரும் வரவில்லை.

"நீ கூப்பிட்டா வேற யாரையோன்னு நெனச்சுக்குவாரு. இப்பிடிக் குடு," என்று மைக்கை வாங்கினார் பூங்காவனம்.

"யோவ் சதரதா, எங்கய்யா சுத்துறே? தேரு கெளம்பிருச்சு."

கூட்டம் சிரித்தது. ராட்டினத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் பஞ்சுமிட்டாயோடு நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்து, அதனிடமே பதில் சொன்னார்.

"இருடி பூவங்கானம். ஒனக்குத்தான் வாங்கிட்டிருக்கேன்."