மழை பிடித்த எட்டாம் நாள்

மழை பிடித்து எட்டு நாளாகியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் பதினேழாவது மலப் பரிசோதனையை முடித்துவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டாள் தெரசம்மாள். போன மழையில் கண்ட அதே அமீபா, அதே புழு முட்டைகள்.

துவண்ட மகளைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றாள் அஞ்சலாட்சி.

“மாத்திரை குடுத்தா வயித்தால போறது நின்னுடுமாக்கா?”

“நின்னுடும்.”

“அடுத்த மழைக்கு?”

தெரசம்மாள் சீட்டில் பரிசோதனை முடிவை எழுதினாள். தெருக்குழாயில் சாக்கடை கலப்பதாக மூன்று வருஷமாக மேலே எழுதிப் போட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

“மொகமே வாடிப் போச்சேக்கா. இந்தாங்க, குடிங்க” என்று அஞ்சலாட்சி பாட்டிலைத் திறந்து நீட்டினாள். “எங்க தெருக்குழாய்த் தண்ணிதான்.”

தெரசம்மாள் அதை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

குழந்தை தலையைத் தூக்கி, வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, தெரசம்மாளின் கையிலிருந்த பாட்டிலை நோக்கிக் கையை நீட்டியது.