சுவர் சொன்ன சாட்சி

முதலில் குளியலறைக் கூரையின் மூலை கறுத்தது. பிறகு துண்டுகள் நாறின. பிறகு வாடகைக்கு இருந்தவர்களின் குழந்தைக்கு இளைப்பு வந்தது. கடைசியில், ஈரத்தைத் துடைக்காத குடித்தனம் என்று சொல்லி, வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்.

தேய்க்கிற பிரஷ் பூஞ்சையை மடக்கியது. "உன்னால ஒரு குடும்பம் தெருவுக்குப் போகுது. வெட்கமா இல்ல?"

"தேய்ச்சுத் தேய்ச்சு உன் முடிதான் கொட்டுது, அண்ணே. தண்ணி கசியுற இடத்துக்கு நான் வந்தேன். சுவரைக் கேளு."

சுவர் தயங்கியது. "உள்ளே குழாய் உடைஞ்சிருக்கு. குடித்தனம் மாறும்போதெல்லாம் பெயிண்ட் அடிச்சு என் வாயை அடைச்சிடுறாங்க."

"அடைச்சது யாரு? வாளி, குவளை, ரெண்டு பேரும் சாட்சி" என்றது பிரஷ்.

வாசலைப் பார்த்திருந்த ஜன்னல், கேட் தூணில் பதித்த பெயரை உரக்க வாசித்தது:

"மு. வைரவநாதன், வீட்டு உரிமையாளர்."