உள்ளே ஓடுகிற சத்தம்

இருட்டாக்கிய ஸ்கான் அறையில், குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்த கத்தரீனா இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறாள். நெஞ்சில் பூசிய ஜெல் குளிர்கிறது. திரையின் மங்கிய வெளிச்சத்தில் அவளுடைய இதயத்தின் வால்வு ஒரு மீனின் வாயைப்போலத் திறந்து மூடுகிறது. டொக்டர் பொத்தானை அழுத்த, அறை முழுதும் அந்தத் துடிப்பு கேட்கிறது. அவள் திடுக்கிடுகிறாள். “பயப்பிடாதேங்கோ அம்மா, உங்கடை ரத்தம் ஓடுற சத்தம்தான். வால்வெல்லாம் நல்லா வேலை செய்யுது. உப்பைக் குறைச்சு, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. கூட ஆரும் வந்தவையோ?” “ஒருத்தருமில்லை.” அவர் அவளுடைய நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்த ஸ்கான் கருவியை எடுக்கப் போகிறார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “என்ரை மனுசன் செத்தாப்பிறகு வீட்டிலை ஒரு சத்தமுமில்லை டொக்டர். இன்னும் கொஞ்சம் கேக்கட்டே?” வெளியே அடுத்தவரின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். டொக்டர் கையை அசைக்காமல் வைத்திருக்கிறார்.