குளத்துப் பிசாசு, பாகம் மூன்று

ஹாலிஸ் மூன்றாவது முறையாகத் தண்ணீருக்குள் போனார். இரண்டு கைகள் மட்டும் மேலே வந்து காற்றைப் பிறாண்டிவிட்டு மறைந்தன. கரையில் நின்ற மூன்று பேரில் ஒருவரும் அசையவில்லை.

இருபது வினாடி கழித்து வெர்னா தலையை நிமிர்த்தினாள். "போதும் மாமா, மேல வாங்க."

பச்சை ரப்பர் உடம்பும் மூன்று கண்ணுமாக அந்தப் பிசாசு முழங்கால் வலியோடு கரையேறியது. தலையைக் கழற்றியதும், உள்ளே அறுபத்தெட்டு வயது முகம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது.

"இதுக்கு ஸ்கூல் பஸ்ஸையே ஓட்டிட்டு இருந்திருக்கலாம்" என்றார் ஹாலிஸ். "அதுலயும் பிசாசுங்கதான். ஆனா உட்கார்ந்த இடத்துல வேலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறார்கள். இப்போது மணி ஒன்று.

'குளத்துப் பிசாசு' படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் வெர்னா தன் வீட்டுக் கொல்லையிலும் சர்ச் கார் நிறுத்தத்திலும் எடுத்து முடித்திருந்தாள். மூன்றாவதற்கு நிஜமான கழிவுக் குளம் வேண்டும் என்று, ஓஹையோ ஆற்றங்கரை ரசாயன ஆலையிலேயே போய்க் கேட்டாள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "தாராளமா எடும்மா. உன் ரப்பர் பிசாசைப் பார்த்தா, தண்ணி கெட்டுப்போச்சுன்னு கத்துறவனுங்களை ஊரே கிண்டல் பண்ணும்" என்று அனுமதி கொடுத்தார். காவலுக்கு ரஃபஸை அனுப்பினார்.

ரஃபஸ் அந்த ஆலையில் இருபத்தாறு வருடமாகக் காவலாளி. மடக்கு நாற்காலியில் சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டிருந்தார்.

"டைரக்டரம்மா, முதல் தடவையே நல்லாத்தானே மூழ்கினாரு? எதுக்கு அந்த மனுஷனைப் போட்டு வதைக்கிறீங்க?"

"வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சமா! மூணு கண்ணு வச்சிருக்கீங்க, ஒண்ணுகூட இமைக்கல. அதை முதல்ல கவனிங்க."

ஒப்பனைக்காரி கோரீன், கையில் ஒட்டியிருந்த பச்சைச் சாயத்தைக் கழுவக் குளத்தோரம் குனிந்தாள்.

"ஏ பொண்ணு! அதுல கை வைக்காதே!"

ரஃபஸ் அன்றைக்கு முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், "கம்பெனி ரூல்" என்று முணுமுணுத்து மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஹாலிஸ் திரும்பத் திரும்ப மூழ்கினார். ஒருமுறை நாணல் பக்கம், ஒருமுறை மதகுப் பக்கம், ஒருமுறை நட்டநடுவில். ஒவ்வொரு முறையும் வெர்னா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். கேமராவுக்குப் பின்னால் டெல்மர் நின்றபடியே கண்ணயர்ந்திருந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.

பன்னிரண்டாவது தடவை கரையேறியபோது ஹாலிஸால் நிற்க முடியவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இன்னிக்கு இவ்ளோதான்மா. உடம்பு கேக்கல."

"முடிஞ்சுது மாமா. கிளம்பலாம்."

ஆலை வாசலில் ரஃபஸ் அவர்களுடைய வேனை மறித்தார். "வெளிய போற வண்டியெல்லாம் திறந்து பார்க்கணும். மேனேஜர் உத்தரவு."

"எல்லாம் வேஷச் சாமான்தான் சார்" என்றாள் வெர்னா.

அவர் பின்கதவைத் திறந்தார். பிசாசின் தலையை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் அடியில், கம்பளித் துணிக்குள் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் நிறையக் குளத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் எழுதிய சீட்டு.

ஊர்க்காரர்கள் நாலு வருடமாகப் பரிசோதனைக்குத் தண்ணீர் கேட்டும், ஆலை தானே நிரப்பிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொட்டு வேலியைத் தாண்டியதில்லை. ஹாலிஸின் மனைவிக்கு வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அதே தெருவில் இன்னும் ஐந்து பேருக்கும்.

"அது... பிசாசு ரத்தத்துக்குக் கலர் கலக்க..." என்று ஆரம்பித்த வெர்னாவால் முடிக்க முடியவில்லை. காலையிலிருந்து சேர்த்துவைத்த பொய்யெல்லாம் களைப்பில் கரைந்துபோயிருந்தது.

ஹாலிஸ் வண்டியிலிருந்து இறங்கினார். "போலீஸைக் கூப்பிடணும்னா என்னை மட்டும் பிடிச்சுக் கொடுங்க. பசங்களை விட்டுடுங்க. தண்ணியில இறங்கினது நான்தான்."

ரஃபஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். சீட்டைப் படித்தார். அடுத்ததை எடுத்தார், அதையும் படித்தார். பன்னிரண்டையும் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, கம்பளித் துணியை முன்பிருந்த மாதிரியே போர்த்தினார்.

பிறகு தோள்மேல் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தார். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாசல்ல இருந்து ரஃபஸ் பேசறேன். சினிமாக்காரங்க வண்டியப் பார்த்துட்டேன். ரப்பர் குப்பைதான், வேற ஒண்ணுமில்ல."

வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் குனிந்தார். அந்த முகத்திலும் இருபத்தாறு வருடத்துக் களைப்பு தெரிந்தது.

"கழிவுக் குழாய் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கு டைரக்டரம்மா... நாளைக்கும் என் டூட்டிதான்."